பாட்டனுக்கு நான் கட்டிய தலைப்பாகை

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பீளமேட்டில் ஒற்றை லேத்தோடு ஆரம்பித்து, இன்று நூற்றிருபது பேர் வேலை செய்யும் பம்புசெட் கம்பெனி வைத்திருக்கிறேன். யார் தயவும் கிடையாது. ஆனாலும் மேடை ஏறினால், "எங்க பாட்டனார் அந்தக் காலத்து மில் மேஸ்திரிங்க" என்று சொல்லாமல் இறங்கமாட்டேன். எனக்கு யாரும் சொன்னதல்ல. நானே சொல்லி, நானே நம்பியது.

கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் திறக்க, தலைப்பாகை கட்டிய பாட்டனார் படம் ஒன்று வரைய வைத்தேன். கீழே போட வருஷம் வேண்டுமே. சர்ச்சில் பழைய பதிவேடுகளைப் பார்த்துவர மருமகள் டீனாவை அனுப்பினேன்.

போனில் படமெடுத்து வந்தாள். "மாமா, 1918ல ஞானஸ்நானம். கொழந்தை அருளப்பன். தகப்பன் மாசாணம் என்கிற சூசை. தொழில், குழி வெட்டறதுன்னு இருக்குதுங்க."

"அது வேற யாராச்சும் இருக்கும் அம்மணி."

"அருளப்பன் உங்க அப்பாதானுங்களே?"

அடக்கப் பதிவேட்டையும் காட்டினாள். பிளேக் வந்த சமயம். ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டில் ஓலைச் சாளை போட்டுத் தங்கியிருக்கிறது. மூன்று மாதத்தில் அறுபத்தேழு சாவு. பாதிப் பேருக்குச் சொந்தக்காரர் வரவில்லை. எல்லோரையும் புதைத்தது சூசை.

"பெருமைதானுங்க மாமா."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன வருஷம் என் மனைவி விமலாராணியின் முப்பதாம் நாள் விருந்து. அவளுக்குக் குழி வெட்டிய அமிர்தநாதன் வெள்ளை வேட்டியில் வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் என் டீலர்கள். "அப்பறம் சாப்புடலாம், எந்திரிப்பா" என்று எழுப்பி, ஜெனரேட்டர் ஓரமாகத் தனி இலை போடச் சொன்னேன். டீனா அப்போது பரிமாறிக்கொண்டிருந்தாள்.

தலைப்பாகையை அழிக்கச் சொன்னேன். விழாவுக்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டத்துக்கு நானே போனேன்.

"ஏனுங்க அமிர்தநாதன், எங்க பாட்டன் படத்த நீங்கதான் தொறந்து வெக்கோணும்."

"மில் மேஸ்திரிங்களா?"

"இல்லீங்க. இங்க குழி வெட்டுனவரு."

மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"வாரனுங்க. சாப்பாடு உண்டுங்களா?"

"உண்டுங்க."

"எங்க உக்காரட்டுங்க?"