மார்கழியில் வந்த ஃபர்னஸ்

எங்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு இருமல் வந்தது மார்கழி பிறந்த வாரத்தில். பேஸ்மென்டில் தடால் என்று ஒரு சத்தம், பிறகு கடகடவென்று ஒரு நடுக்கம், அதற்கப்புறம்தான் சூடான காற்று மேலே வரும். பார்சிப்பனியில் இந்த வீட்டை வாங்கும்போதே அது கிழடு. புதுசு போட்டுவிடலாம் என்றேன். வீட்டில் மற்ற இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

என் கணவருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. கையில் ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் மெக்கானிக் ஆகிவிடுவார். "மோட்டாரை மட்டும் மாத்தினா இன்னும் பத்து வருஷம் ஓடும். புதுசு போடச் சொல்றவன்லாம் கமிஷனுக்குச் சொல்றான்" என்றார்.

திருச்சியிலிருந்து வந்திருந்த மாமியார் வேறு காரணம் வைத்திருந்தார். "மார்கழில யாராவது புதுசா ஒண்ண வீட்டுக்குள்ள கொண்டு வருவாங்களா? தை பிறக்கட்டும். அதுவரைக்கும் ரிப்பேர் பண்ணி ஓட்டுங்க. ரிப்பேர் புதுசுல சேராது."

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விதியையும் அவரே சொல்வார், விதிவிலக்கையும் அவரே சொல்வார். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துகொண்டால் நான் எந்த மூலைக்கு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவில் மாமியாருக்குத் தினமும் காலையில் தலைவலி. மாடி ஏற முட்டி ஒத்துழைக்காது என்று அவருக்குக் கீழ் அறையைக் கொடுத்திருந்தோம், ஃபர்னஸுக்கு நேர் மேலே. எழுந்து வரும்போதே நெற்றி நிறையத் தைலம். அந்த வாசனை அவருக்கு முன்னால் ஹாலுக்கு வந்துவிடும். "உங்க ஊர்க் குளிரு மண்டைக்குள்ள ஏறிடுச்சு" என்பார். சென்னையில் இருக்கும் மகளிடம் போனில், "இவ வீட்டை ஐஸ் பொட்டி மாதிரி வச்சிருக்கா" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தாங்க சூடு என்று தெர்மோஸ்டாட்டை ஏற்றி வைத்தேன். தலைவலியும் ஏறியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தோன்ற வைத்திருக்க வேண்டிய சாமான் சமையலறை டிராயரில் தோசைத் திருப்பிக்கு அடியில் கிடந்தது. புகைக்கும் விஷவாயுவுக்கும் சேர்த்துக் கத்துகிற அலாரம் அது. மாமியார் வந்த புதிதில் வத்தக்குழம்புக்கு மிளகாய் தாளித்தார், அது ஊரைக் கூட்டிவிட்டது. "நான் சமைச்சா இது ஏன் ஒப்பாரி வைக்குது?" என்று அவர் முகம் வாட, பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. நாற்காலி போட்டு ஏறிக் கழற்றிவிட்டார். எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் பலவற்றில் அது டிராயரில்தான் இருக்கும். இல்லையென்றால் ஷவர் கேப் போட்டுக்கொண்டு சீலிங்கில் தொங்கும்.

நான் யாரையும் கேட்காமல் டெக்னீஷியனை வரவழைத்தேன். ஃபர்னஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர், நெருப்பு எரியும் பக்கத்தையும் நாங்கள் சுவாசிக்கும் காற்றையும் பிரிக்கிற இரும்புப் பெட்டியில் நீளமாக ஒரு விரிசல் என்றார். அப்புறம், வீட்டில் யாருக்காவது தலைவலி உண்டா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தைல வாசனை வந்துவிட்டது. மாமியார் பேஸ்மென்ட் படிக்கட்டின் உச்சியில் நின்றிருந்தார்.

விஷவாயுவை அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு டெக்னீஷியன் மாமியார் அறைக்குள் போனார். அது அலறியது. ஓடிவந்து கேஸை அடைத்தார், மாடியில் கம்ப்யூட்டரில் இருந்த கணவரோடு எங்கள் எல்லோரையும் வெளியே விரட்டினார். டிரைவ்வேயில் நின்றோம். மாமியார் புடவைக்கு மேல் என் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா. விரிசல் வழியாகக் கசிந்த விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டெக்னீஷியன் சொன்னதை மாமியாருக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. பாவி, நான் அல்லவா தினமும் சூட்டை ஏற்றி வைத்தேன்!

எமர்ஜென்சியில் மாமியாருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். நல்ல வேளைக்கு வந்தீர்கள் என்று சொல்லி மாலையில் அனுப்பிவிட்டார்கள். மாமியாரைப் பின் சீட்டில் உட்காரவைத்துப் போர்த்திவிட்டு நான் முன்னால் ஏறினேன்.

ஹைவேயில் ஏறியதும் கணவர் மெல்ல ஆரம்பித்தார். "அந்தப் பெட்டியை மட்டும் ஆர்டர் பண்ணி மாத்திட்டா, அம்மாவுக்கும் மனசு கஷ்டமா இருக்காது. தை வந்ததும்..."

"காரை நிறுத்துப்பா" என்றேன்.

"ஹைவேல எப்படி நிறுத்தறது?"

"அப்போ வாயை நிறுத்து. எனக்கு ரிப்பேரும் வேண்டாம், தையும் வேண்டாம். அந்தச் சனியன் இனி ஒரு நிமிஷம் என் வீட்ல எரியக் கூடாது. புதுசு வருது, இந்த மார்கழியிலேயே வருது. தோஷம் எதுவா இருந்தாலும் என் தலையில விடியட்டும்."

சொல்லிவிட்டுப் பின்பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சண்டை என்றால் சண்டை, விடுவதாக இல்லை.

"டேய்" என்றார் மாமியார், மகனிடம். "வைகுண்ட ஏகாதசி வருது. போறதுன்னா அன்னிக்கு நானே போய்க்குவேன். உன் அடுப்பு என்னை அனுப்பி வைக்க வேண்டாம். அவ சொல்றபடி செய்." பிறகு என் தோளைத் தட்டினார். "ஆபத்துக்குப் பாவமில்லடி. தோஷத்தையெல்லாம் உன் தலையில போட்டுக்காத."

விதிவிலக்கு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அடக்காமல் அழுதேன்.

புதிய ஃபர்னஸ் வரும்வரை ரூம் ஹீட்டரைச் சுற்றி மூன்று பேரும் ஹாலிலேயே படுத்தோம். வந்ததும் மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கி, அதன் முன்னால் சின்னதாக ஒரு கோலம் போட்டார். கணவர் புது அலாரம் வாங்கி வந்து சமையலறை வாசலில் ஒன்று, அம்மாவின் அறையில் ஒன்று என்று மாட்டினார்.

மறுநாள் காலை மாமியார் எழுந்து வந்தார். வாசனை ஒன்றும் முன்னால் வரவில்லை. நெற்றியில் விபூதி மட்டும் இருந்தது.

"தலை எப்படி இருக்கு அத்தை?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் வத்தக்குழம்புக்கு மிளகாய் எண்ணெயில் விழுந்தது. அலாரம் வீடே அதிரக் கத்தியது. கணவர் பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடினார்.

"தொட்டே, கையை முறிச்சிடுவேன்" என்றார் மாமியார், கரண்டியை ஓங்கி. "அது கத்தட்டும். நீ போய் ஜன்னலைத் திற."