பிரேக் இல்லாத இருக்கை

எனக்குப் பயம் வராமல் இல்லை. வந்தால் கோபமாகத்தான் வரும். நேபாளத்து மலையில் எங்கள் விமானம் ஓடுபாதையை விட்டு விலகியபோதும் அப்படித்தான். சறுக்கிக்கொண்டு போகையிலேயே விமானியின் முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முக்திநாத் யாத்திரைக்குக் கிளம்பிய ஸ்ரீவில்லிபுத்தூர் கோஷ்டி, ராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டி, ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காமல் ஓய்வு பெற்றவர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். மகன் காரில் அவர் உட்காரும் பக்கத்து மிதியடி மட்டும் ஓட்டையாகிவிட்டது.

அந்தக் குட்டி விமானத்தில் எங்களுக்கு முதல் வரிசை. விமானிக்கும் எங்களுக்கும் நடுவே கதவுகூடக் கிடையாது. மலை இடுக்கில் இறங்கிச் சக்கரம் தரையைத் தொட்டதும் டயர் வெடித்தது. விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், சரளைக்கல்லில் புதைந்து, வேலி ஓரம் சாய்ந்து நின்றது. சிராய்ப்புகளோடு எல்லாரும் இறங்கிவிட்டோம். இவர் மட்டும் காலை நீட்டி மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"பிரேக்கு பிடிக்கலட்டி. நானும் அமுக்கி மிதிச்சேன், நிக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முக்திநாத்தில் பெருமாளைச் சேவிக்கும்போதும் மனுஷர் குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கால்தான் கைவிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

திரும்பும் நாளில் மலைச்சாலை சரிந்து கிடந்தது. விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. அங்கே காலையில் மட்டும்தான் பறப்பார்கள். வெயில் ஏறினால் காற்று கிளம்பிவிடும். கோஷ்டி முழுவதும் உள்ளே போய்விட்டது. இவர் விமான நிலைய வாசலிலேயே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லு. பொறவு ஏறுதேன்."

பிரேக் வேலை பார்த்து வெளியே வரும் எந்த வண்டியையும் எலுமிச்சம்பழம் நசுக்காமல் அவர் எடுத்ததே இல்லை. மலைப்பாதையில் எனக்குக் குமட்டும் என்பதால் முகர்ந்துகொள்ள வைத்திருந்த பழங்கள் என் பையில் இருந்தன. அவற்றைக் காட்டி, எங்கள் வழிகாட்டிப் பையன் மூலம் வாசல் காவலரிடம் கேட்டோம். ஓடுபாதையில் ஒரு கூழாங்கல்கூடக் கிடக்கக் கூடாதாம், நாங்கள் பழம் வைக்கப் போகிறோமாம். அவர் சிரித்தார். அது நியாயம்தான், ஆனாலும் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

காற்று லேசாக எழத் தொடங்கியிருந்தது. இந்த மனுஷரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? விமானத்துக்கு மூன்று சக்கரம். மூன்று பழத்தை எடுத்து வாசல் முன் சாலையில் வரிசையாக வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். ஒவ்வொன்றாக மிதித்து நசுக்கினேன். பித்தவெடிப்பில் சாறு இறங்கிச் சுரீரென்று எரிந்தது.

"இத்தன வருசமா இந்தக் குடும்பத்த இழுக்கது நாந்தான். அம்புட்டுச் சக்கரமும் நாந்தான். நசுக்கியாச்சு. எந்திரிங்க!"

காவலர் வாயைப் பிளந்து பார்த்தார். இவர் நசுங்கிய பழங்களைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

மறுபடியும் முதல் வரிசைதான் கிடைத்தது. கீழே நகரத்து ஓடுபாதை தெரிந்ததும் அவர் வலது கால் முன்னே நகர்ந்து, பாதியில் நின்றது. இன்னொரு தடவை பிடிக்காமல் போனால் அவர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். எரிந்துகொண்டிருந்த என் காலை அவர் கால்மேல் வைத்தேன். சக்கரம் தரையைத் தொட்டதும் இரண்டு பேருமாகச் சேர்ந்து பலங்கொண்ட மட்டும் மிதித்தோம்.

விமானம் நின்றது.