ஆணி ஓட்டை விழுந்த பலகை

தென்காசியில் நாங்கள் கட்டும் வீட்டின் வாசல் கதவுக்காக இன்று பழைய மரக்கடைக்குப் போயிருந்தேன். நீளமான தேக்குப் பலகை ஒன்றைக் காட்டி, கன அடி மூவாயிரம் என்றார் கடைக்காரர். அவர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் மொத்த விலையைச் சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்.

"இத்தனை ஆணி ஓட்டை இருக்கு அண்ணாச்சி. கன அடிக்கு ஐநூறு குறைங்க."

"ஓட்டைய விடும்மா. மரத்த மோந்து பாரு," என்று உளியால் ஓரத்தைச் சீவினார்.

குற்றாலம் சாலையிலிருந்த எங்கள் ஓட்டுப் பள்ளிக்கூடத்தின் சுவர்ப் பலகை சாரலில் நனைந்தால் இப்படித்தான் எண்ணெய்ப் பிசுக்கோடு மணக்கும். அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு குடை, குடைகள் சொட்டும் சத்தத்தோடு சேர்ந்தே நாங்கள் வாய்ப்பாடு சொல்வோம், எனக்கு மட்டும் கை எட்டாததால் அப்பா முதல் நாளே வாத்தியாரிடம் கேட்டு, ஒரு சாண் கீழே தனியாக ஓர் ஆணி அடித்துத் தந்தார்.

குனிந்து பார்த்தேன். ஒன்பது ஓட்டைகள் ஒரே வரிசையில் இருந்தன. பத்தாவது ஒரு சாண் கீழே இருந்தது.

"இது எங்க பிரிச்சது?"

"குற்றாலம் ரோட்டுல ஒரு பள்ளிக்கூடம். போன மாசமே இடிச்சுத் தரையாக்கியாச்சுல்லா."

கீழ் ஓட்டையில் விரல் நுனியை வைத்தபடி நின்றேன்.

"சரிம்மா, முந்நூறு கழிச்சுக்கிடுதேன்."

"கழிக்காண்டாம் அண்ணாச்சி."

"பிறகு எதுக்கு இவ்வளவு நேரம் மல்லுக்கு நின்ன?"

அப்பா அடித்த ஆணியைக் காட்டித்தான் நான் விலையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.