கைராசிக்காரர்

ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புராஸ்டேட் சுரப்பியை எடுத்த நகரத்து டாக்டரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைத் தாளோடு போக வேண்டும். படப்பையிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். போகிற நாளில் காலையிலிருந்தே நான் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் நிற்காது. இருமினால், எழுந்தால், பஸ் குலுங்கினால் சிறுநீர் சொட்டும். உள்ளே பேடு வைத்துக்கொண்டு, பேரன் பேத்தி எடுத்த வயதில், கைக்குழந்தை மாதிரி உட்கார்ந்திருப்பேன். சொல்லவே அலுப்பாக இருக்கிறது.

டாக்டர் தாளைப் பார்ப்பார். என்னைப் பார்க்க மாட்டார். நம்பர் நன்றாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்பார். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போவேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் வாய் வராது. உயிரைக் காப்பாற்றியவரிடம் போய் பேன்ட் நனைகிறது என்று எப்படிப் புகார் சொல்வது?

படப்பை மெயின் ரோட்டிலேயே இதே வியாதிகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் சாயங்காலம் வந்து உட்காருகிறார். பொறுமையாகக் கேட்கிறார் என்று பேச்சு. அவரிடம் மாறிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். நகரத்து டாக்டர் கைராசிக்காரர், அவர் கை பட்டுத்தான் நீங்கள் பிழைத்தீர்கள், நடுவில் ஆளை மாற்றி அது திரும்பி வந்தால் என்ன செய்வது என்றாள். அது என்றால் புற்றுநோய். அந்த வார்த்தையை அவள் வீட்டில் சொல்வதே இல்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது, மறைப்பானேன்.

ஓரகடத்தில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அளவெல்லாம் சரியாக இருந்து பாஸான பீஸாக இருந்தாலும், கஸ்டமர் குறை சொன்னால் திரும்ப எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அளவு சரி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தினமும் அந்த வேலையைச் செய்துவிட்டு, என் உடம்பு விஷயத்தில் மட்டும் நம்பர் சரி என்று கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் துணிந்து கேட்டுவிட்டேன். மனைவியும் பக்கத்தில் இருந்தாள். கேன்சர் போனதே பெரிது, இந்த வயதில் இதெல்லாம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, டாக்டர் அடுத்த ஆளுக்கு மணி அடித்தார். வெளியே வந்து பஸ் ஏறினோம்.

சாயங்காலம் திரும்பும்போது மண்ணிவாக்கத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டது. நின்றது நின்றதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமலேயே பேடு நிறைந்துவிட்டது. ஈரம் பேன்ட்டைத் தாண்டி சீட்டுக்கு இறங்குவது தெரிந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஷிப்டுக்குப் போகிற பையன்கள் எங்களை நெருக்கி நின்றுகொண்டிருந்தார்கள். படப்பை ஸ்டாப் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. செத்துப்போயிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

அவள் என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். காலையில் அவள் நிரப்பித் தந்தது, நான் தொடாதது. மூடியைத் திறந்து என் மடியிலும் சீட்டிலும் அப்படியே கவிழ்த்தாள். பிறகு பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னாங்க நீங்க, பாட்டில ஒழுங்கா மூட மாட்டீங்களா? பாருங்க, சீட்டெல்லாம் தண்ணி."

பையன்கள் விலகி வழி விட்டார்கள். இறங்கினோம். நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். அவள் எதிர்ப்பக்கம், அந்தச் சாயங்கால டாக்டரின் போர்டு இருக்கிற பக்கமாக நடந்தாள். துணி மாற்றிக்கொண்டாவது வருகிறேன் என்றேன்.

"வேணாம். இப்டியே வாங்க," என்றாள். "இவராச்சும் பாக்கட்டும்."