கோணிச்சாக்கு இழுத்த மணலில் பூட்ஸ் தடம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவன் நான்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் சுடுகாட்டைப் பார்த்த ஜன்னலோரம் வருஷக்கணக்காகக் குறட்டை விட்டவன். நீங்கள் இப்போது உதட்டைப் பிதுக்குவீர்கள், தாராளமாகப் பிதுக்குங்கள்.

என் மனைவி கலாவின் அண்ணன் சேகர். ஃபேக்டரியில் பதவி உயர்ந்ததும் கோல்ஃப் பழக ஆரம்பித்தான். நெமிலிச்சேரி தாண்டி ஒரு ரிசார்ட், அதற்குள் வெள்ளைக்காரன் காலத்து மைதானம். அன்றிலிருந்து என் வீட்டில் பருப்பு வேகிறதோ இல்லையோ, அண்ணன் புராணம் கொதித்துக்கொண்டே இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. ஒரே ஒரு தடவை, கலா கண்ணெதிரில் அவனை ஜெயித்துவிட வேண்டும் என்று நானும் மட்டையைத் தூக்கினேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் கடைசிக் குழி, அதுவரை சமம். கலா டிபன் பாக்ஸோடு பெஞ்சில் இருந்தாள். அங்கே குழியைச் சுற்றிப் புல் கிடையாது, எண்ணெய் கலந்த மணல்தான். ஆடி முடித்ததும் கோணிச்சாக்கை இழுத்துக் காலடித் தடத்தை அழிக்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். என் பந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. சேகர் எங்கோ மூலையிலிருந்து தட்டினான், அது கோயில் மாடு மாதிரி வளைந்து வளைந்து வந்து உள்ளே விழுந்தது.

“பாத்தியாய்யா எங்கண்ணன! நீயும் கீறியே!” என்றாள் கலா.

சேகர் சிரிக்கவில்லை. “மாப்ளே, யாரோ பின்னாலருந்து என் கையப் புடிச்சு அடிச்ச மாரி இருந்துச்சுடா.”

“ஜெயிச்சவனுக்கு எல்லாம் தோணும், போய்த் தண்ணி குடி மச்சான்.”

தோற்றவன் நான், சாக்கை இழுத்தேன். திரும்பிப் பார்க்கிறேன், சேகர் நின்ற இடத்துக்குப் பின்னால் ஆணி அடித்த பூட்ஸ் தடம் ஒரு ஜோடி. அவன் போட்டிருந்ததோ கான்வாஸ் ஷூ. மறுபடி இழுத்தேன், மறுபடி வந்தது. நம்பினால் நம்புங்கள், முதலில் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. ஆவிகூட அவன் கட்சியா?

“அண்ணாத்தே, இங்கயும் ஒருத்தன் கீறேன்” என்று வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன்.

தடம் ஒவ்வொன்றாக என்னை நோக்கி வந்தது. என் காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. என் ஆட்டத்தைப் பார்த்திருக்கும் போல, அப்படியே திரும்பி, கலா உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கமாக மணல் முடிகிற வரை நடந்து போனது. நான் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்க்கிங் வரை ஓடினேன், பெண்டாட்டி ஞாபகம் அங்கே போய்த்தான் வந்தது.

அதற்கப்புறம் சேகரின் பந்து ஒன்றுகூட நேராகப் போகவில்லை. அதற்கு ஆனந்தப்படத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கலா இன்றுவரை மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் காலையில் பெருக்கத் துடைப்பத்தை எடுத்தால், ஒரு கணம் காலை அகட்டி நிற்கிறாள், ஒரு கையின் சுண்டுவிரலை மறு கையின் ஆள்காட்டி விரலில் கோத்துப் பிடிக்கிறாள். கோல்ஃப் மட்டையைப் பிடிக்கிற அந்தப் பிடி சேகருக்கு வர மாதக்கணக்கானது.

எனக்கு இன்னும் வரவில்லை.