டிஸ்க் போடும் முன்பே விழித்த பெட்டி

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் டோரீன் டைப்பிஸ்டாக இருந்தாள். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த கஸ்பரின் மகள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து போய் அந்த ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். யாரையும் சட்டென்று நம்பமாட்டாள்.

1986இல் தோட்டத்து மேலாளரான துரை, சம்பளக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்து, அதைப் பழகிக்கொள்ள அவளைக் கொழும்புக்கு அனுப்பினார். பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர், றோலண்டுக்கு அது பிடிக்கவில்லை.

"டிஸ்க்கில் இருப்பதைத்தான் பெட்டி படிக்கும்" என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். டிஸ்க்குகளை அவள் அலுமாரியில் பூட்டி வைத்தாள். ஆனால் சுவிட்சைப் போட்டதுமே, டிஸ்க் உள்ளே போகும் முன்பே, திரையின் மூலையில் எண்கள் ஓடின. 'பீப்' என்றது. அதன் பிறகுதான் டிஸ்க்கைத் தேடியது. அந்த எண்களை யார் எழுதியது? தன்னை வேவு பார்க்க றோலண்ட் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரோ? ஆளில்லாத நேரத்தில் பெட்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். வயர்கள்தான் இருந்தன.

ஒரு திங்கட்கிழமை பெட்டி இரண்டு முறை 'பீப்' என்று கத்தி, ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிட்டு அப்படியே நின்றது.

"டிஸ்க்கெல்லாம் ஒங்கிட்டதான இருக்கு? என்னா பண்ணுன?" என்றார் றோலண்ட்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்கய்யா. இன்னும் டிஸ்க்கே போடல."

அவர் நேரே துரையிடம் போனார். கம்ப்யூட்டர் அறையின் சாவி டோரீனிடமிருந்து பறிபோனது. சம்பளம் தாமதமானால் தொழிற்சங்கத்துக்குச் சண்டை போட ஒரு காரணம் கிடைக்கும், கஸ்பர் சங்கத்து ஆள் என்று ஆபீசில் பேச்சு அடிபட்டது. வீட்டில் கஸ்பரே, "மெய்யாத்தான் நீ ஒண்ணும் பண்ணலியே புள்ள?" என்று கேட்டுவிட்டார்.

புதன்கிழமை கொழும்பிலிருந்து லியனார்ட் என்ற மெக்கானிக் வந்தார். துரையும் றோலண்டும் டோரீனும் பார்த்துக்கொண்டிருக்க, டிஸ்க் எதையும் போடாமல் சுவிட்சைத் தட்டினார். அதே எண், அதே சத்தம்.

"டிஸ்க்குல கோளாறு இல்ல சேர். உள்ள 'சிப்'புன்னு ஒரு சின்ன சில்லு இருக்கு. கரண்ட் வந்ததும் அதுல எழுதியிருக்கறதுதான் மொதல்ல ஓடும். மெமரி, கீபோர்ட் எல்லாம் சரியான்னு பாத்துட்டுத்தான் டிஸ்க்குக்கே போகும். இப்ப கீபோர்ட்ல தடுக்குது."

"அந்தச் சில்லுல இங்க யாராச்சும் எதையாவது எழுதியிருக்கலாமா?" என்று டோரீன் கேட்டாள்.

"முடியாது மிஸ். கம்ப்யூட்டர் செய்யற எடத்துலயே எழுதி அனுப்பறது."

அவர் கீபோர்டைக் கழற்றினார். ஒரு பொத்தான் அமுங்கியபடியே ஒட்டிக்கிடந்தது. அடியில் சீனி போட்ட சாயத் தண்ணி காய்ந்து பிசுபிசுத்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, டோரீன் அறையைப் பூட்டும் முன் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்தவர் யாரென்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். றோலண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துரை சாவியை மேசைமேல் வைத்தார். டோரீன் சாவியை எடுத்துக்கொண்டு, "இனிமே இந்த ரூமுக்குள்ள யாரும் தேத்தண்ணி கொண்டாரக் கூடாதுங்க தொரை" என்றாள். அவர் தலையசைத்தார்.

அதன்பின் பல வருஷம் அவள் அங்கேயே வேலை பார்த்தாள். பெட்டியின் மேலிருந்த சந்தேகம் அன்றோடு போய்விட்டது. ஆனால் றோலண்ட் ஓய்வு பெற்றுப் போகும்வரை, அவர் ஆபீசில் இருக்கும்போது அறையைத் திறந்து போட்டுவிட்டு அவள் வெளியே போனதே இல்லை.