கடைசி இருக்கையில் நாற்பது நாள்

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஹாரன். வண்டியின் ஹாரனை அவள் அதிகம் தொடுவதில்லை, தேவைப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், முன்னால் நிற்கிற வண்டி தானாக ஒதுங்கும். வயது நாற்பத்து நான்கு. பதினோரு வருட ஓட்டத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பிள்ளைகளிடம், கேட் காவலாளியிடம், எதிரே வருகிறவர்களிடம் என்று வாய் ஓயாமல் பேசுவாள். பேச ஆள் கிடைக்காவிட்டால் கியரோடு பேசுவாள் என்பது அவள் கணவரின் கணிப்பு.

இப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆசை இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு தியான இல்லம். அங்கே போய், போனை வாசலிலேயே கொடுத்துவிட்டு, ஐந்து நாள் யாரோடும் பேசாமல் கடவுளோடு சும்மா இருந்துவிட்டு வரவேண்டும். ஆறு வருடத்தில் நான்கு முறை பெயர் கொடுத்தாள். முதல் தடவை மகளுக்கு அம்மை போட்டது. அடுத்த தடவை மாமனாருக்குக் கண் அறுவை. மூன்றாம் தடவை, இவளுக்குப் பதிலாக வண்டி எடுக்க வேண்டியவர் காலை உடைத்துக்கொண்டார். நான்காம் தடவை பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். சமையலறைக் குழாய் வெடித்து வீடு குளமாகிவிட்டது.

"நீ அஞ்சு நாள் பக்கத்துல உக்காரப் போறேன்னதும் கடவுளே பயந்துட்டாரு போல," என்றார் கணவர். அச்சகத்தில் வேலை அவருக்கு. சிரிக்காமல் ஜோக் சொல்வார்.

ஐந்தாம் முறை பெயர் கொடுக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தியான இல்லத்தை நடத்துகிறவளுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள். அவள் ஒரு காலத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், இவளைவிடப் பத்து வயது சின்னவள்.

"நீங்க இங்க வர்றது அப்புறம் இருக்கட்டும்க்கா. இருக்கிற இடத்துலயே ஆரம்பிங்க. தினம் முக்கால் மணி நேரம், நாற்பது நாள். ஞாயித்துக்கிழமை எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க."

"அந்த முக்கால் மணியில என்ன பண்ணணும்?"

"கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. அப்புறம் முந்தின நாளைக் காலையிலேர்ந்து ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாருங்க. யாரு வந்தாங்க, என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொன்னீங்க. எதையும் திருத்த வேண்டாம், பார்த்தா போதும். பார்த்ததை அப்படியே கடவுள்கிட்ட வச்சுடுங்க."

"எங்க வீட்டுல முக்கால் நிமிஷமே கிடைக்காதும்மா."

"தேடிப் பாருங்க, கிடைக்கும்."

தேடினாள். படுக்கையறையில் உட்கார்ந்தால், வீட்டில் உள்ள அத்தனை பேரின் துணியும் அந்த அறை அலமாரியில்தான் இருந்தது. மொட்டை மாடிக்குப் போனால், துணி உலர்த்த வந்த மாடி வீட்டுக்காரி, "தலைவலியா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து தன் முழங்கால் வலியைச் சொன்னாள், வலது காலுக்குத் தனியாக, இடது காலுக்குத் தனியாக. கடைசியில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். ஐந்தாவது நிமிடம் மாமனார் கதவைத் தட்டினார்.

"உள்ள விழுந்துட்டியாம்மா?"

"இல்ல மாமா."

"விழுந்தா சொல்லு."

இடம் கிடைத்தது வண்டியில்தான். எட்டரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால், ஒன்பதரைக்கு ஓர் அலுவலகத்து ஆட்களை ஏற்றப் போகவேண்டும். இடையில் பள்ளிச் சுவரை ஒட்டி வண்டிகள் வரிசையாக நிற்கும், ஓட்டுநர்கள் டீ குடிக்கப் போவார்கள். அந்த டீக்கடைச் சபைக்குத் தலைமை தாங்குகிறவளே இவள்தான். ஒரு திங்கட்கிழமை அவள் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நடந்து போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் அங்கே உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தபோது வண்டி நீளமாக, வேறு யாருடையதோ போல இருந்தது.

முன் இருக்கையின் முதுகில் யாரோ ஏழாம் வாய்பாட்டைக் கிறுக்கியிருந்தார்கள். ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று இருந்தது. பேனா எடுத்து அதைச் சரிசெய்யாமல் இருப்பதிலேயே முதல் இரண்டு நாள் தியானம் கழிந்தது. அடுத்த நான்கு நாளும் தூங்கிப்போனாள்.

"தூங்கிட்டேம்மா," என்றாள் ஞாயிற்றுக்கிழமை, தப்பு செய்தவள் குரலில்.

"நல்லதுதான்க்கா. எத்தனை வருஷத்துத் தூக்கமோ. முதல்ல உடம்பு வந்து சேரட்டும்."

டீக்கடையில் இதற்குள் கதை கட்டியாகிவிட்டது. ஹாரன் வீட்டில் சண்டை, பின் சீட்டில் உட்கார்ந்து அழுகிறாள். பக்கத்துத் தடத்தில் ஓட்டுகிற பனைமரம் ஜன்னல் வழியாக அவள் கண்மூடி இருந்ததைப் பார்த்திருந்தார். உயரத்தால் அந்தப் பெயர் அவருக்கு. இரண்டாம் வாரம் மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார்.

"வேலைய விடப் போறீங்களா?"

"யாரு சார் சொன்னது?"

"நாலு பேரு சொல்றாங்க. வீட்டுல ஏதாவது பிரச்சினைன்னா சொல்லுங்க, நேரத்தை மாத்தித் தர்றேன்."

"பிரச்சினை எதுவும் இல்ல சார். நான் பேசாம உக்காந்திருக்கேன். அவ்வளவுதான்."

"பேசாமயா?" என்றார் அவர். "அப்போ டாக்டரைப் பார்த்தீங்களா?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேலி செய்தார்கள், ஆனால் காவலும் அவர்களே நின்றார்கள். பனைமரம் தன் டீயை வண்டிக் கதவருகே நின்று குடித்தார். யார் வந்தாலும், "உஷ், உள்ள தியானம் நடக்குது," என்று அவர் அடக்குகிற சத்தம்தான் அந்தத் தெருவிலேயே பெரிய சத்தம். அவரைக் கடிந்துகொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அந்த உஷ்ஷையும் சேர்த்துக் கடவுளிடம் வைத்துவிட்டாள்.

மூன்றாம் வாரத்தில்தான் அது கண்ணில் பட்டது. முந்தைய நாளை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஒரே வாக்கியம் வந்துகொண்டிருந்தது. காலையில் செருப்பு மாட்டும்போது மாமனார் கேட்பார், "எத்தனை மணிக்கு வருவம்மா?" அவள் திரும்பிப் பார்க்காமலே, "வழக்கமா வர்ற நேரந்தான் மாமா," என்பாள். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பதில். தெரிந்ததையே கேட்கிறார், வயசாகிவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது கடைசி இருக்கையிலிருந்து பார்க்கும்போது, தன் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று யோசித்தாள். தெரியவில்லை. ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு, கேள்வி வந்ததும் திரும்பினாள்.

"நாலரை மணிக்கு மாமா. ஏன் தினமும் கேக்குறீங்க?"

அவர் சங்கடத்தோடு டிவி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மத்தியானம் தூங்குவேன்ல. நீ வர்ற நேரம் தெரிஞ்சா அதுக்குத் தக்கபடி படுப்பேன். எந்திரிக்கும்போது வீட்டுல யாராவது இருக்கணும். ஆளே இல்லாம இருந்தா, ஒரு நிமிஷம் எங்க இருக்கேன்னே பிடிபட மாட்டேங்குது."

"அதுக்குத்தான் டிவிய அவ்வளவு சத்தமா வைக்கிறீங்களா?"

"காது கேக்காமன்னு நினைச்சியா? காது நல்லாத்தான் இருக்கு. நீ மாடி வீட்டுக்காரிகிட்ட என்னைப் பத்திச் சொன்னதெல்லாம் கேட்டுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முதல்முறையாக மூன்று நிமிடம் தாமதமாக வண்டியை எடுத்தாள்.

அவள் வண்டி மாலையில் மூன்றே முக்காலுக்கு அவர்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். மத்தியானத் தூக்கத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டு, எழுந்ததும் அங்கே வந்து நிற்கச் சொன்னாள். அவர் சட்டை மாற்றி, தலை சீவி வந்து நின்றார். அவள் ஹாரனை ஒரு தடவை அடித்தாள். அவர் கையை ஆட்டினார். ஒரு வாரத்துக்குள் வண்டியில் இருந்த முப்பத்தாறு பிள்ளைகளும் கையாட்டத் தொடங்கினார்கள். அவருக்கு முக்கால் தாத்தா என்று பெயரும் வைத்தார்கள். மழை நாளில்கூடக் குடையோடு வந்து நின்றார். அவர் ஒரு நாள் சளியென்று வரவில்லை. பிள்ளைகள் பண்ணிய விசாரணைக்குப் பதில் சொல்லி அவளுக்கே வாய் வலித்தது.

நாற்பது நாளை முடிக்க அவளுக்கு ஐம்பத்து மூன்று நாள் பிடித்தது. இடையில் மகளுக்குத் தேர்வு, வண்டிக்குப் பிரேக் வேலை, இரண்டு நாள் வெறும் சோம்பல். எதையும் மறைக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னாள். கணக்கு டீச்சர் விட்டுப்போன நாளைக் கணக்கில் கழிக்கவுமில்லை, கூட்டவுமில்லை.

பிறகு, மகளுக்கு விடுமுறை வந்தபோது, கணவர் ஒரு தாளை நீட்டினார். அச்சகத்திலேயே அடித்திருந்தார். ஐந்து நாள் சமையல் யார், துவைப்பது யார், குழாய் வெடித்தால் யாரைக் கூப்பிடுவது என்று கட்டம் போட்டிருந்தது.

"கிளம்பு," என்றார். "இப்போ கடவுளுக்கு உன்னைப் பழகிடுச்சு."

போனாள். ஐந்து நாளும் பேசவில்லை. திரும்பி வரும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் மூன்று மணி நேரம் பேசினாள்.

இப்போதும் வாரத்தில் நான்கு நாளாவது கடைசி இருக்கையில் உட்காருகிறாள். மற்ற நாள் டீக்கடை. போன மாதம் பனைமரம் தனியாக அவளை ஓரங்கட்டி, அந்த டீச்சரம்மா நம்பர் வேண்டும் என்று கேட்டார். தன் மனைவிக்காம். அவள் கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு அவர் வண்டிக் கதவும் சாத்தியிருந்தது, உள்ளே பின் ஜன்னலில் ஒரு நெட்டைத் தலை தெரிந்தது. அவள் தன் டீயை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவருகே நின்றாள், பேசாமல்.